ஏழு புள்ளி வீடு, நாலு அறை: நாள் வாடகைக்கு விட என்னென்ன வேண்டும்?

பள்ளத்தூர் வளவு | 6.10.2025, காலை

ஐயா காலத்துச் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு (பின்கட்டுகள்) எல்லாம் முழுசாக நிற்கிறது. ஏழு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஏழு பங்காளிக் குடும்பம். ஊரோடு இருப்பது நாங்கள் மட்டும்தான். நாலு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று பேச்சு. சுற்றுலாத் துறையில் பதிந்துவிட்டால் போதும், வேறு உரிமமும் வேண்டாம், வரியும் வராது என்கிறார்கள். சரிதானா?

மூணாங்கட்டு | 6.10.2025, இரவு

சரியில்லை. சுற்றுலாத் துறைப் பதிவு ஒரு தாள். உள்ளாட்சி, மின்சாரம், காவல்துறை, உணவுப் பாதுகாப்பு, ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் தனித்தனி வாசல்கள். ஒரு வாசலில் கொடுத்த தாளை அடுத்த வாசலில் ஏற்க மாட்டார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் முடிக்க வேண்டியது பங்காளி கையெழுத்து. எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் வரியில் உரிமையாளர் பெயர் கேட்கும், அதுவும் ஒரே ஒரு பெயர். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இறந்துபோன ஐயா பெயரே இருக்கும், பயன்பாடு என்ற இடத்தில் 'குடியிருப்பு' என்று இருக்கும். அந்த ரசீதை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரில் தொழில் உரிமம் வாங்க முடியாது.

"எங்கள் பங்கு அறையை மட்டும்தானே விடுகிறோம்" என்பது அடுத்து வரும் வாதம். அறை உங்களுடையதாக இருக்கலாம். விருந்தாளி அந்த அறைக்குப் போக முகப்பைக் கடக்க வேண்டும், வளவில் உட்கார வேண்டும், மூணாங்கட்டுக் கிணற்றடிக்குப் போக வேண்டும். அவை எல்லாப் புள்ளிக்கும் பொது. பொது இடத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த எல்லோர் சம்மதமும் வேண்டும்.

வேலையின் வரிசை: தாசில்தாரிடம் ஐயாவுக்கு வாரிசுச் சான்றிதழ், இடையில் காலமானவர்களுக்கும் தனித்தனியே வாரிசுச் சான்றிதழ். பிறகு பேரூராட்சியில் வரி விதிப்புப் பெயர் மாற்றம். அதன்பின் எல்லோரும் சேர்ந்து ஒருவருக்குக் குத்தகை எழுதிக் கொடுப்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாத ஐந்தாண்டுக் குத்தகையை நாளைக்கு ஒரு பங்காளி மறுத்தால் கையில் ஒன்றும் நிற்காது.

மூணாங்கட்டு | 7.10.2025

நேற்று எழுதியதில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போனது. ஏழு புள்ளி என்றால் ஏழு கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் கோயில் புள்ளிக் கணக்கில் வருவது கல்யாணமான ஆண்மக்கள். சொத்தில் பெண்மக்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-இல் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் பங்கை அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணம் ஆனவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அது தவிர தகப்பனார் பங்கில் மகளுக்கு வாரிசுரிமை 1956 முதலே உண்டு. ஆகையால் ஏழு புள்ளி வீட்டில் பதினெட்டு, இருபது கையெழுத்து வந்தால் ஆச்சரியமில்லை. முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

புள்ளி ஏடு யார் யாருக்குப் பங்காளி என்று காட்டும். தாலுகா அலுவலகத்துக்கு அது ஆவணம் ஆகாது. ஆனால் வாரிசுப் பட்டியல் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

மூணாங்கட்டு | 9.10.2025

வீட்டு வரி. இந்த அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. 31-ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. பாக்கி நின்றால் பெயர் மாற்றமும் நடக்காது, தொழில் உரிமமும் வராது. ஆகவே பெயர் யாருடையதாக இருந்தாலும் முதலில் கட்டிவிடுங்கள். கட்டினவர் யார் என்பதால் உரிமை கூடவோ குறையவோ செய்யாது.

விருந்தாளி தங்கும் பகுதிக்குக் குடியிருப்பு வரி பொருந்தாது. வீடு முழுவதையும் வணிகமாக மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் சொல்லாமலே விடுகிறார்கள். அதைவிட, நாலு அறை, அவற்றின் குளியலறை, சாப்பாட்டுக்கூடம் இவற்றைச் சதுர அடியாக அளந்து, வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டி, இந்தப் பகுதி மட்டும் வணிகம் என்று மனு கொடுப்பதுதான் நல்லது. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முழு வீட்டுக்கும் வணிக வரி விழுந்தால் தாங்காது.

மின்சாரம் இதைவிடக் கறாரான விஷயம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதே மீட்டரில் விருந்தாளி ஏசியும் கீசரும் ஓடினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் அனுமதியற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் கணக்கிடலாம். விருந்தாளி பகுதிக்குத் தனி வயரிங், தனி மெயின் போர்டு, தனி வணிக இணைப்பு. ஒரு வயர்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாண்டக் கூடாது. நாலு ஏசி, நாலு 2 கிலோவாட் கீசர் என்றால் காலை ஏழு மணிக்கு 14 கிலோவாட் வரை இழுக்கும். மும்முனை இணைப்பாகவே கேளுங்கள். பழைய மரப்பலகை போர்டையும் துணி சுற்றிய வயரையும் கழற்றிவிட்டு, 30 மில்லியாம்பியரில் விழும் கசிவுத் துண்டிப்பானைக் குளியலறை வழிகளுக்குக் கட்டாயம் போடுங்கள். மேலே பர்மாத் தேக்கு இருக்கிறது. தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

கானாடுகாத்தான் ஆச்சி | 11.10.2025

எங்களுக்குப் பத்திரம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அறைக்கு என்ன விலை வைப்பது என்பதில்தான் குழப்பம். பொங்கல் சமயத்தில் 8,000 கொடுக்கவும் ஆள் இருக்கிறது. வாங்கலாமா?

மூணாங்கட்டு | 12.10.2025

ஆச்சி, வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரி வரவு (நாம் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் 18 சதவீதம். 7,500-க்கு விருந்தாளி தருவது 7,875. 7,501 என்று போட்டால் 8,851. ஒரு ரூபாய் ஏற்றியதற்கு அவர் கையிலிருந்து 976 ரூபாய் கூடுதலாகப் போகும், அதில் உங்களுக்கு ஒரு ரூபாய்தான்.

இதோடு போகாது. இந்த ஏப்ரலில் வந்த மாற்றம் ஒன்று இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை, ஒரே ஒரு நாள், 7,500-க்கு மேல் விட்டிருந்தால், அடுத்த ஆண்டு முழுவதும் அந்த வளாகத்தில் பரிமாறும் சாப்பாட்டுக்கும் 5-க்குப் பதில் 18 சதவீதம். பொங்கலுக்கு ஓர் இரவு 8,000 வாங்கினால், வருகிற ஏப்ரல் முதல் இலைச் சாப்பாடு ஒவ்வொன்றிலும் அது தெரியும். பார்ப்பது பலகையில் எழுதிய விலையை அல்ல, உண்மையில் வாங்கிய விலையை. 7,500-ஐத் தாண்டாமல் வைத்து, அறை எண்ணிக்கையில் சம்பாதிப்பதே நம் பக்க வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இதெல்லாம் பதிவு எடுத்தவர்களுக்கு. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. நேரடியாக வரும் விருந்தாளியிடம் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்கவும் கூடாது. பதிவு இல்லாதவர் முன்பதிவுத் தளம் வழியாக அறை விட்டால், அந்த வரியைத் தளமே வசூலித்துத் தன் பொறுப்பில் கட்டும்.

20 லட்சம் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். நாலு அறை, 4,000 ரூபாய், ஆண்டில் 120 இரவு: 19 லட்சத்து 20 ஆயிரம். சாப்பாட்டுக் காசைச் சேர்த்தால் தாண்டியாயிற்று. அதே பான் எண்ணில் காரைக்குடியில் ஒரு கடை வாடகை வந்தால் அதுவும் சேரும். குடியிருப்பு வாடகைக்கு வரி இல்லை, இருந்தாலும் மொத்த வரவுக் கணக்கில் அதுவும் சேரும். தாண்டிய 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

மூணாங்கட்டு | 13.10.2025

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அறை 6,000, இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு 2,000, ஆக 8,000 என்று ஒரே தொகையாக வாங்கினால் அது ஒன்றுசேர்ந்த சேவை. முழு 8,000-மும் அறை விலையாக எடுக்கப்பட்டு 18 சதவீதம் விழும். சாப்பாடு வேண்டும் என்பவர் தனியாகக் கேட்டு, தனி விலை கொடுத்து, பில்லில் தனி உருப்படியாக வரட்டும். பில்லில் மட்டும் பிரித்துப் போட்டு, விளம்பரத்தில் ஒரே தொகையைக் காட்டினால் நிற்காது.

வெளிமாநில நிறுவனத்து ஆட்கள் தங்கினால் 'ஐஜிஎஸ்டி போட்டுக் கொடுங்கள்' என்பார்கள். போடக் கூடாது. கட்டிடம் இருக்கும் இடமே சேவை நடந்த இடம். எந்த ஊர்க்காரர் தங்கினாலும் மத்திய, மாநில ஜிஎஸ்டி பாதிப் பாதிதான்.

மூணாங்கட்டு | 18.10.2025

6-ஆம் தேதி, எல்லோரும் சேர்ந்து ஒருவருக்குக் குத்தகை எழுதுங்கள் என்றேன். அதை அப்படியே செய்துவிடாதீர்கள், ஒரு கண்ணி இருக்கிறது.

நடத்துகிறவர் ஜிஎஸ்டி பதிவு எடுத்தவராகவும், வாடகை வாங்கும் பங்காளிகள் பதிவு இல்லாதவர்களாகவும் இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை நடத்துகிறவரே எதிர்முறையில் கட்ட வேண்டும். குடியிருப்புக் கட்டிடத்துக்கு 2022 ஜூலை 18 முதல், மற்றக் கட்டிடங்களுக்கு 2024 அக்டோபர் 10 முதல். எந்த வகை என்று வாதாடினாலும் முடிவு ஒன்றுதான். பங்காளிகளுக்கு மாதம் 40,000 ரூபாய் கொடுத்தால் 7,200 வரி, ஆண்டுக்கு 86,400. அதைப் பணமாகவே கட்ட வேண்டும். 5 சதவீதத்தில் அறை விடுவதால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கவும் முடியாது. முழுக்கச் செலவு.

இதைப் பார்த்தபின் என் யோசனை மாறுகிறது. நாலு அறை வீடு 20 லட்சத்துக்குள் நின்று, பதிவு எடுக்காமல் நடத்துவதே முதல் இரண்டு வருஷத்துக்கு நல்லது. பதிவு இல்லாதவருக்கு இந்த எதிர்முறை வரி வராது. 20 லட்சம் தாண்டப்போகிறது என்று தெரிந்தால், குத்தகைத் தொகையைத் தீர்மானிக்கும்போதே 18 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாடகை வேண்டாம், ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு பூசுவது எல்லாம் நடத்துகிறவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்கிற வீடுகளும் உண்டு. வீட்டுக்கு அது மிகவும் நல்லது. ஆனால் பணமாக இல்லாமல் வேலையாகக் கொடுப்பதும் கைம்மாறுதான் என்று அதிகாரி கேட்க இடம் இருக்கிறது. வாசகத்தை எழுதும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பத்திரத்தில் மறக்கக் கூடாத வாசகங்கள்: சாமி அறையும் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் பூசை) நடக்கும் இடமும் குத்தகையில் சேராது. படைப்பு, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), துக்கம் இவற்றுக்கு வீடு பங்காளிகளுக்கு. தேதி தெரிந்த விசேஷத்துக்கு எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், அந்த நாளில் ஏற்கெனவே பதிந்த விருந்தாளிக்கு யார் பணம் திருப்புவது என்பதையும் எழுதுங்கள். துக்கத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. அதற்குப் பக்கத்து ஊரில் மாற்று அறை பேசி வைத்திருக்க வேண்டும்.

பள்ளத்தூர் வளவு | 19.10.2025

ரொம்ப நன்றி. பங்காளி ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். அவர்கள் வராமல் முடியுமா?

மூணாங்கட்டு | 26.10.2025

முடியும். அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

பணத்தில்தான் கவனம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகைப் பங்கு கொடுத்தால் வரி பிடிக்க வேண்டும். உள்ளூர்ப் பங்காளிக்கு மாதம் 50,000 வரை பிடித்தம் இல்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பே கிடையாது, மாதம் 1,000 ரூபாய் என்றாலும் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும், ஆக 31.2 சதவீதம். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை பிடித்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் குறைவு என்றால், குறைந்த விகிதப் பிடித்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும். பிடிக்காமல் கொடுத்துவிட்டால் பொறுப்பு கொடுத்தவர் தலையில்.

மூணாங்கட்டு | 2.11.2025

வெளிநாட்டு விருந்தாளி. இதில் சலுகையே கிடையாது. செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. நாம் 'சி படிவம்' என்று சொல்லிப் பழகியது இப்போது படிவம் 3. வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் முன்கூட்டியே வேண்டும். நம் மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர். சிவகங்கையில் ஒப்புதல் வந்தபிறகு முதல் விருந்தாளியை எடுங்கள். திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரைப் பக்கம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பதையும் கேட்கும். மதுரையா தஞ்சாவூரா என்று அப்போதே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் காலையில் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிப் போனவரை மாலைவரை தேட வேண்டியிருக்கும். அதற்குள் 24 மணி நேரம் கரைந்துவிடும்.

சொந்தக்காரராக இருந்தாலும், வீட்டில் தமிழ் பேசினாலும், மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சட்டப்படி வெளிநாட்டவர். இந்திய விருந்தாளிக்கு இந்தப் படிவம் இல்லை. பதிவேட்டில் பெயர், முகவரி, கைப்பேசி, அடையாள அட்டை வகை, வந்த நேரம், போன நேரம், வண்டி எண், கையெழுத்து.

மூணாங்கட்டு | 3.11.2025

சாப்பாடு: 2025 நிலவரப்படி ஆண்டு வரவு 12 லட்சம் வரை எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய், ஐந்தாண்டு வரை சேர்த்துக் கட்டலாம். அதற்கு மேல் மாநில உரிமம். 14 இலக்க எண் பில்லில் வர வேண்டும். காலை இட்லி மட்டும்தான் என்றாலும் வேண்டும்.

மூணாங்கட்டு | 9.11.2025

வருமான வரி. அறை, படுக்கை, காலை உணவு, துணி மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் தொழில் வருமானம். வீட்டு வாடகைக்கு உரிய 30 சதவீதக் கழிவை இதில் எடுக்க முடியாது. அந்தக் கழிவு, நடத்துகிறவருக்கு வீட்டைக் கொடுத்து வாடகை வாங்கும் பங்காளிக்கு, அவரவர் பங்களவில்.

நடத்துகிறவர் தனிநபர், இந்துக் கூட்டுக்குடும்பம், கூட்டாண்மை நிறுவனம் இவற்றில் ஒன்றாக இருந்தால் உத்தேச லாப முறை உண்டு. வங்கி வழி வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் வேண்டாம். பங்காளிகள் பத்திரம் இல்லாமல் சும்மா சேர்ந்து நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொண்டால் அது தனிநபர் கூட்டமைப்பு. அதற்கு உத்தேச லாப முறை கிடையாது. ஏழு பேர் சேர்ந்து நடத்துவதாக இருந்தால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிவிடுங்கள்.

முன்பதிவுத் தளங்கள் வருமான வரியாக 0.1 சதவீதம் பிடிக்கும். பான் கொடுத்த தனிநபருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பிடிக்க மாட்டார்கள். பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். தவறு நடப்பது தொகையில். விருந்தாளி கட்டியது 10 லட்சம், தளம் தரகு எடுத்துக்கொண்டு வங்கியில் போட்டது 8.4 லட்சம் என்றால், வரித் துறையிடம் உள்ள உங்கள் பிடித்தக் கணக்கில் 10 லட்சம் நிற்கும். வரவாக 10 லட்சத்தையே காட்ட வேண்டும். வங்கிக்கு வந்ததை மட்டும் காட்டினால் பொருந்தவில்லை என்று அறிவிப்பு வரும். ஜிஎஸ்டியின் 20 லட்சத்துக்கும் இந்த 10 லட்சம்தான் கணக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி | 15.11.2025

சினிமா படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள். அறை வாடகைபோலத்தானே?

மூணாங்கட்டு | 16.11.2025

இல்லை ஆச்சி. அது இடத்தை வாடகைக்கு விடுவது, பதிவு எடுத்தவருக்கு 18 சதவீதம். பதிவு இல்லாதவருக்கு வரி இல்லை, ஆனால் அந்தத் தொகை 20 லட்சத்தில் சேரும். நாலு நாள் படப்பிடிப்பு அறைக் கணக்கைக் கவிழ்த்துவிடலாம், ஆண்டு நடுவில் கூட்டிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஜெனரேட்டர் அவர்களுடையது, தூணில் ஆணி இல்லை, டிராலித் தண்டவாளத்துக்கு அடியில் சணல் சாக்கு என்று எழுதுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் (தரை ஓட்டில்) கீறல் விழுந்தால் அதே சாயக் கலவை திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

பள்ளத்தூர் வளவு | 22.11.2025

பதிவான பாகப்பிரிவினை கிடைத்துவிட்டது! ஒன்பது கையெழுத்து போதும். பேரூராட்சியில் மனு கொடுத்தாயிற்று. சுற்றுலாத் துறை எப்போது?

மூணாங்கட்டு | 23.11.2025

மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பெயர் மாற்றமும் வணிக மின் இணைப்பும் வந்தபிறகு. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரை, வெள்ளி, தங்கம் என இரு தரம். உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். நீங்கள் ஊரோடு இருப்பதால் தகுதி உண்டு. காவலாளி மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது. மாநிலச் சுற்றுலாத் துறைப் பதிவும் கூடவே போடுங்கள். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு இலவசம். இந்த ஆண்டு மத்திய பட்ஜெட்டில் வீட்டுத் தங்கலுக்கு முத்ரா கடன் அறிவித்தார்கள், வங்கியில் கேட்க உத்யம் சான்று உதவும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் குளியலறையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதற்காக வளவு அறைக்குள் சுவரை உடைத்துக் குழாய் ஓட்டாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறி, ஒரு மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். ரெண்டாங்கட்டுப் பக்கம் சாமான் அறைகளைக் குளியலறை ஆக்குங்கள், கழிவுநீர்த் தொட்டி பின்தெரு ஓரம் வரட்டும். அதற்கும் கட்டிட அனுமதி வேண்டும்.

மூணாங்கட்டு | 24.11.2025

ஆய்வுக்கு முதல் நாள் தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று யாராவது ஆசிட் ஊற்றப் போகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல்படலம் சிமெண்டும் சாயமும்தான், ஆசிட் பட்டால் பூவே போய்விடும். தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், போதும். வழுக்காமல் இருக்க ராத்திரியே தேய்த்துவிடுங்கள்.